அறிவும் அமானிதமும்

அரபுக் கல்லூரியில் பல ஆண்டுகள் ஓதி முடித்த மாணவருக்குப் பட்டமளிப்பு நாளன்று தலைப்பாகை சூட்டி, ஒரு தாளைக் கையில் கொடுக்கிறார்கள். அதனை ‘ஸனது’ என்று அழைப்பது நம் வழக்கம். பெற்றோர் அதற்குச் சட்டமிட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டி வைப்பர். வருவோரும் போவோரும் அதைப் பட்டச் சான்றிதழ் என்றே கருதுவர். ஆனால் அச்சொல்லுக்குப் பட்டம் என்பது பொருளன்று. சாய்ந்து கொள்ளும் இடம், பற்றுக்கோடு என்பதே அதன் வேர்ப்பொருள். ஒரு செய்தியைச் சொல்பவர், அதை அவருக்குச் சொன்னவர், அவருக்கும் முன்னர்ச் சொன்னவர் என்று படிப்படியாகப் பின்னோக்கிச் செல்லும் பெயர்த் தொடருக்கே ஹதீஸ் கலையில் அப்பெயர் வழங்குகிறது. ஆகவே அந்தத் தாள், ‘இவர் அறிந்தவர்’ என்று மட்டும் கூறவில்லை. ‘இவர் இன்னாரிடம் கேட்டு அறிந்தவர்’ என்று கூறுகின்றது.

எனக்கும் அப்படியொரு தாள் உண்டு. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அது என் வீட்டுச் சுவரில் தொங்கிக் கொண்டிருக்கிறது. அதன் பொருளை நான் உள்ளபடி உணர்ந்தது சென்ற ஆண்டில்தான் என்பதை இக்கட்டுரையில் ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறேன்.

என் சகோதரியின் மகள் வெளியூர்க் கல்லூரி ஒன்றில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்து வருகிறாள். தமிழ் முஸ்லிம்களின் மலர்களிலும் இதழ்களிலும் கல்வி பற்றி எழுதப்பட்டவற்றைத் தொகுத்து ஆராய்வது அவள் பணி. விடுமுறைக்கு வந்தவள், தட்டச்சு செய்த தாள்களுடன் என் எதிரில் அமர்ந்தாள்.

“மாமா, நீங்கள் முன்பு ஒரு பள்ளிக்கூட விழா மலரில் கல்வியின் சிறப்பைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அதிலிருந்து ஒரு பகுதியை எடுத்திருக்கிறேன். சீன தேசம் வரை சென்றேனும் கல்வியைத் தேட வேண்டும் என்ற நபிமொழிக்கு, பைஹகீயின் ‘ஷுஅபுல் ஈமான்’ என்று பாகமும் பக்கமும் கொடுத்திருக்கிறீர்கள். எந்தப் பதிப்பு என்று என் பேராசிரியர் கேட்கிறார். உங்களிடம் இருப்பது எந்தப் பதிப்பு?”

கேள்வி மிகச் சிறியது. விடையும் சிறியதாகவே இருந்திருக்க வேண்டும். நானோ, “தேடிப் பார்த்துச் சொல்கிறேன் அம்மா” என்றேன். தேடுவதற்கு ஒன்றும் இல்லை என்பது அந்த நொடியிலேயே எனக்குத் தெரியும். அந்நூல் எந்தப் பதிப்பிலும் என்னிடம் இருந்ததில்லை. அக்கட்டுரையை எழுதிய நாளில் நான் அதைத் திறந்து பார்த்ததும் இல்லை. உருது மொழியில் வெளிவந்த சிறு நூலொன்றிலிருந்து அந்தச் செய்தியையும், அதன் கீழிருந்த நூற்பெயரையும், பாக எண்ணையும், பக்க எண்ணையும் அப்படியே பெயர்த்து எழுதியிருந்தேன். உருது நூலின் பெயரை மட்டும் எழுதவில்லை. அரபு நூலின் பெயர் இருந்தால் கட்டுரைக்கு ஒரு கனம் உண்டாகும் என்று அன்று எண்ணியிருப்பேன் போலும்.

அன்றிரவு அந்த உருதுச் சிறுநூலைத் தேடி எடுத்தேன். மறுநாள் மதரஸா நூலகத்துக்குச் சென்று பைஹகீயின் நூலைக் கேட்டு வாங்கினேன். சிறுநூல் குறித்த பக்கத்தில் அச்செய்தி இல்லை. பாக எண்ணே பிழையாக அச்சாகியிருந்தது. அந்த அச்சுப் பிழை என் கட்டுரையில் ஏறி, இருபது ஆண்டுகள் கழித்து என் மருமகளின் அடிக்குறிப்பிலும் வந்து அமர்ந்திருந்தது. இது சிறிய வெட்கம். உரிய இடத்தைக் கண்டுபிடித்துப் படித்தபோதுதான் பெரிய வெட்கம் காத்திருந்தது. ஹிஜ்ரி 458இல் மறைந்த இமாம் பைஹகீ (ரஹ்) அவர்கள், அச்செய்தியைப் பதிவு செய்த கையோடு, அதன் வாசகம் மக்களிடையே பேர் பெற்றது என்றும், அதன் அறிவிப்பாளர் தொடரோ பலவீனமானது என்றும், அது வந்துள்ள வழிகள் அனைத்துமே பலவீனமானவை என்றும் தெளிவாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஹிஜ்ரி 597இல் மறைந்த இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) அவர்களோ, இட்டுக்கட்டப்பட்ட செய்திகளைத் தொகுத்த தம் நூலில் அதனைச் சேர்த்திருக்கிறார்கள்.

எந்த மனிதரை என் பக்கத்துச் சாட்சியாக நிறுத்தினேனோ, அவர் எனக்கு எதிராகவே சாட்சி கூறியிருக்கிறார். அவர் கூறியதைக் கேளாமலே அவர் பெயரை நான் பயன்படுத்தியிருக்கிறேன்.

இங்கே ஒரு கேள்வி எழுகின்றது. இதில் நான் செய்த தவறு என்ன? பொருள் யாருக்கும் குறையவில்லை. ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றினால் முதல் விளக்கின் ஒளி குறைவதில்லை. அறிவும் அத்தகையதே என்று சான்றோர் கூறுவர். அப்படியானால், பிறர் சொல்லை எடுத்து எழுதியவனைத் திருடன் என்பது எவ்வாறு பொருந்தும்? எடுத்தது இன்னாரிடம் என்று சொல்லாதது வெறும் எழுத்து முறைப் பிழையா, அல்லது ஒழுக்கப் பிழையா?

இதனை ஆராயுங்கால், ஓர் எழுத்தின் மீது மூவருக்கு உரிமை இருப்பதைக் காண்கிறேன். கொடுத்தவருக்கு ஓர் உரிமை. படிப்பவருக்கு ஓர் உரிமை. எழுதுபவனின் சொந்த உள்ளத்துக்கும் ஓர் உரிமை.

கொடுத்தவரின் உரிமை நன்றி. மனிதருக்கு நன்றி பாராட்டாதவன் அல்லாஹ்வுக்கும் நன்றி பாராட்டியவனாக மாட்டான் என்னும் கருத்தில் அமைந்த நபிமொழி அபூதாவூதிலும் திர்மிதீயிலும் உள்ளது. அறிவுக்குரிய நன்றி எது என்பதையும் நம் முன்னோர் விளக்கியுள்ளனர். ஒருவரிடமிருந்து ஒன்றை அறிந்து கொண்டால், அது பற்றிப் பேச்சு வரும்போது, இன்னார் எனக்குச் சொல்லித் தரும்வரை இதை நான் அறியேன் என்று கூறுவதே அறிவுக்குச் செலுத்தும் நன்றி என ஹிஜ்ரி 224இல் மறைந்த அபூஉபைத் (ரஹ்) அவர்கள் கூறியதாக இமாம் ஸுயூத்தீ (ரஹ்) அவர்கள் தம் ‘அல்முஸ்ஹிர்’ நூலில் எடுத்துரைக்கின்றார்கள். ஹிஜ்ரி 671இல் மறைந்த இமாம் குர்துபீ (ரஹ்) அவர்களும் தம் தஃப்ஸீரின் முன்னுரையில், கூற்றுகளைக் கூறியவர்க்கும் ஹதீஸ்களைத் தொகுத்தவர்க்கும் உரித்தாக்கிச் சொல்வதைத் தமக்குத் தாமே நிபந்தனையாக விதித்துக் கொள்கிறார்கள். அவ்வாறு உரித்தாக்குவது அறிவின் பரக்கத் என்று சொல்லப்படுவதையும் அங்கே நினைவூட்டுகிறார்கள்.

எனக்கு ஓதித் தந்த உஸ்தாத் ஒருவர் இருந்தார்கள். கடினமான ஓர் அரபு வாக்கியத்தை அவிழ்த்துக் காட்டிவிட்டு, நாங்கள் வியந்து நோக்கும்போது, “இது என் திறமை இல்லை, எங்கள் ஹஜ்ரத் இப்படித்தான் எங்களுக்குப் பிரித்துக் காட்டினார்கள்” என்று தவறாமல் சொல்வார்கள். அப்போது எங்களுக்கு அது அடக்கம் என்று மட்டுமே பட்டது. அது கணக்கு ஒப்படைத்தல் என்பது இப்போது புரிகிறது.

இரண்டாவது, படிப்பவரின் உரிமை. அவர் நாம் சொல்வதை நம்ப வேண்டியவர் மட்டும் அல்லர். சோதித்துப் பார்க்கவும் உரியவர். தீயவன் ஒருவன் செய்தி கொண்டு வந்தால் தீர விசாரியுங்கள் என்று அருள்மறையின் 49ஆம் அத்தியாயம் 6ஆம் வசனம் பணிக்கின்றது. விசாரிப்பதற்கு வழி வேண்டுமே! அந்த வழியைத்தான் ஸனது திறந்து வைக்கிறது. ஹிஜ்ரி 181இல் மறைந்த அப்துல்லாஹ் இப்னுல் முபாரக் (ரஹ்) அவர்கள், அறிவிப்பாளர் தொடர் மார்க்கத்தின் ஒரு பகுதி என்றும், அது இல்லாவிடில் விரும்பியவர் விரும்பியதைச் சொல்லிவிடுவர் என்றும் எச்சரித்ததை ஸஹீஹ் முஸ்லிமின் முன்னுரையில் காண்கிறோம். அதே முன்னுரையில், கேட்டதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒருவன் பொய்யனாவதற்குப் போதும் என்னும் கருத்துடைய நபிமொழியும் இடம் பெற்றுள்ளது. கைப்பேசியில் வந்த வாசகத்தை, அதன் அடியில் ‘புகாரி’ என்ற ஒரு சொல் இருப்பதை மட்டும் நம்பிக் குடும்பத்தினர் அனைவருக்கும் அனுப்பி வைக்கும் நம் காலத்தவர் நெஞ்சில் நிறுத்த வேண்டிய எச்சரிக்கை இது.

மூலத்தைத் தேடிச் செல்வதற்கு நபித்தோழர் ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் பயணம் தலைசிறந்த எடுத்துக்காட்டு. அப்துல்லாஹ் இப்னு உனைஸ் (ரலி) அவர்கள் பெருமானாரிடம் கேட்ட ஒரு நபிமொழி, பிறர் வாயிலாக ஜாபிர் (ரலி) அவர்களுக்கு முன்பே எட்டியிருந்தது. அதைக் கொண்டு அவர்கள் நிறைவடைந்திருக்கலாம். ஆனால் ஓர் ஒட்டகத்தை வாங்கி, ஒரு மாத காலம் பயணம் செய்து, ஷாம் தேசத்தை அடைந்து, கேட்டவரின் வாயிலிருந்தே அதைக் கேட்டுக் கொண்டார்கள். இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் இப்பயணத்தைத் தம் ஸஹீஹின் கல்வி அத்தியாயத்தில் குறிப்பிடுகின்றார்கள். முழு அறிவிப்பாளர் தொடருடன் ‘அல்அதபுல் முஃப்ரத்’ நூலில் தருகின்றார்கள்.

இமாம் புகாரீ (ரஹ்) அவர்களின் நுட்பம் ஒன்றையும் இங்குக் கூறுதல் வேண்டும். ஸஹீஹில் சில செய்திகளை அவர்கள் முழுத் தொடரின்றித் தலைப்புகளின் கீழ் எடுத்தாள்வதுண்டு. அவ்விடங்களில், ஐயமில்லாதவற்றை ‘இன்னார் கூறினார்’ என்று உறுதிச் சொல்லாலும், தயக்கத்துக்கு இடமுள்ளவற்றை ‘இன்னாரிடமிருந்து கூறப்படுகிறது’ என்று செயப்பாட்டுச் சொல்லாலும் வேறுபடுத்தி எழுதுவார்கள் என ஹதீஸ் கலை அறிஞர்கள் விளக்கியுள்ளனர். ஜாபிர் (ரலி) அவர்களின் பயணத்தை உறுதிச் சொல்லால் குறித்த இமாமவர்கள், அப்பயணத்தில் பெற்ற செய்தியின் ஒரு பகுதியைத் தவ்ஹீத் அத்தியாயத்தில் எடுத்தாளும்போது ‘கூறப்படுகிறது’ என்றே எழுதுகிறார்கள். இத்தகைய தொடரற்ற செய்திகளுக்குரிய தொடர்களைத் தேடி இணைப்பதற்கென்றே ஹிஜ்ரி 852இல் மறைந்த இப்னு ஹஜர் அஸ்கலானீ (ரஹ்) அவர்கள் ‘தக்லீகுத் தஃலீக்’ என்னும் தனி நூலை இயற்றினார்கள். ஒரு வினைச்சொல்லின் வடிவத்திலேயே தம் உறுதியின் அளவைப் படிப்பவருக்கு அறிவித்த சமுதாயம் இது. அதில் பிறந்த நான், காணாத பக்கத்தின் எண்ணைக் கண்டதுபோல் எழுதினேன்.

மூன்றாவது, சொந்த உள்ளத்தின் உரிமை. தனக்குக் கொடுக்கப்படாததைக் கொடுக்கப்பட்டதாகக் காட்டிக் கொள்பவர், பொய்யாலான இரண்டு ஆடைகளை அணிந்தவர் போன்றவர் என்னும் பொருளில் ஒரு நபிமொழி புகாரீயிலும் முஸ்லிமிலும் உள்ளது. குடும்பத்துப் பெண் ஒருத்தி கேட்ட கேள்விக்கு விடையாக வந்த அவ்வாக்கு, எழுதுகோல் பிடித்தவனுக்கும் எவ்வளவு பொருந்துகிறது! தாம் செய்யாதவற்றுக்காகப் புகழப்பட விரும்புவோரை அருள்மறையின் 3ஆம் அத்தியாயம் 188ஆம் வசனம் கண்டிக்கின்றது. என் கட்டுரையைப் படித்த சிலர், “ஷுஅபுல் ஈமானையெல்லாம் புரட்டிப் பார்த்து எழுதியிருக்கிறீர்களே” என்று பாராட்டியது நினைவுக்கு வருகிறது. நான் அப்போது புன்னகை செய்தேன். அந்தப் புன்னகை எனக்கு உரியதன்று.

நான் பொய் சொல்லவில்லையே என்று உள்ளம் வாதிட்டுப் பார்த்தது. செய்தி பைஹகீயின் நூலில் இருப்பது உண்மைதானே! இந்த வாதத்துக்கு ஹதீஸ் கலை ஏற்கெனவே ஒரு பெயர் வைத்திருக்கிறது. ‘தத்லீஸ்’ என்பது அது. விற்கும் பொருளின் குறையை வாங்குபவரிடம் மறைப்பதற்கு அரபியில் வழங்கும் சொல் அது. தம் ஆசிரியரிடம் நேரில் கேளாத ஒரு செய்தியை, இடையில் நின்றவரின் பெயரை விட்டுவிட்டு, நேரில் கேட்டாரோ என்று எண்ணும்படியான சொல்லால் அறிவிப்பதை அப்பெயரால் குறித்தனர். அதில் சொல்லப்பட்டது பொய்யன்று. சொல்லாமல் விடப்பட்டதில்தான் மயக்கம் இருக்கிறது. ஆயினும் ஹிஜ்ரி 160இல் மறைந்த ஷுஅபா (ரஹ்) அவர்கள் அதனைப் பொய்யின் உடன்பிறப்பு என்றே கடிந்துரைத்தார்கள். உருது நூலாசிரியர் இடையில் நின்றவர்; அவரை நான் மறைத்தேன். என் செயலின் பெயர் இதுவே.

இதே வழக்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்னர் கெய்ரோ நகரில் நடந்திருக்கிறது. ‘அல்மவாஹிபுல் லதுன்னிய்யா’ என்னும் புகழ்பெற்ற சீறா நூலையும் புகாரீக்கு விரிவுரையையும் எழுதியவர்கள் இமாம் கஸ்தல்லானீ (ரஹ்). மறைவு ஹிஜ்ரி 923. அவர்கள் தம் நூல்களிலிருந்து எடுத்துக் கொண்டு பெயர் சொல்லவில்லை என்று, ஹிஜ்ரி 911இல் மறைந்த இமாம் ஸுயூத்தீ (ரஹ்) அவர்கள் குறைபட்டார்கள். ஷைகுல் இஸ்லாம் ஸகரிய்யா அல்அன்ஸாரீ (ரஹ்) அவர்களின் முன்னிலையில் வழக்கு வந்தது. சான்று என்ன என்று கேட்கப்பட்டபோது ஸுயூத்தீ அவர்கள் கூறியதன் சாரம் இது: இவர் பல இடங்களில் பைஹகீயிடமிருந்து எடுத்ததாக எழுதுகிறார், பைஹகீக்கு நூல்கள் பல உண்டு, அவற்றுள் எந்த நூலில் கண்டார் என்று சொல்லட்டும், உண்மையில் இவர் என் நூலில் பைஹகீயின் கூற்றைக் கண்டு எடுத்திருக்கிறார், அப்படியானால் ‘ஸுயூத்தீ பைஹகீயிடமிருந்து எடுத்துக் கூறுகிறார்’ என்றல்லவா எழுதியிருக்க வேண்டும்?

இந்நிகழ்ச்சியை, நம் இந்திய நாட்டின் அகமதாபாத்தில் வாழ்ந்து ஹிஜ்ரி 1038இல் மறைந்த அப்துல் காதிர் அல்ஐதரூஸ் (ரஹ்) அவர்களின் ‘அந்நூருஸ் ஸாஃபிர்’ என்னும் வரலாற்று நூல் தருகின்றது. பின்னர் நடந்ததையும் அது கூறுகிறது. கஸ்தல்லானீ அவர்கள் ஸுயூத்தீ அவர்களின் மனவருத்தத்தைப் போக்க விரும்பி, கெய்ரோவிலிருந்து அவர்கள் வாழ்ந்த ரவ்ளா வரை நடந்தே சென்று கதவைத் தட்டினார்கள். வெறுங்காலும் திறந்த தலையுமாக, உங்கள் உள்ளம் என்னிடம் தெளிவடைய வேண்டி வந்திருக்கிறேன் என்றார்கள். என் உள்ளம் தெளிந்துவிட்டது என்று உள்ளிருந்து விடை வந்தது. கதவு மட்டும் திறக்கப்படவில்லை.

இருவரும் பெரியோர், இருவரின் நூல்களும் இன்றும் ஓதப்படுகின்றன. இருவரில் ஒருவரைத் தாழ்த்த இதை நான் எழுதவில்லை. ஸுயூத்தீ அவர்கள் மீதே, பிறர் நூல்களை எடுத்துக் கொண்டார் என்று அவர்கள் காலத்து அறிஞர் ஸகாவீ (ரஹ்) அவர்கள் குற்றஞ்சாட்டியிருப்பதையும் மறைத்தல் தகாது. இதிலிருந்து நாம் அறிய வேண்டியது ஒன்று. கற்றவர்க்கே இச்சறுக்கல் நேர்கிறது. ஏனெனில் கல்லாதவரிடம் மறைப்பதற்கு நூல் ஏது? அன்றியும், பைஹகீயின் பெயரையே வைத்து அன்று எழுந்த குறையும் இன்று என்மீது விழுந்த குறையும் ஒன்றே. அப்பெரியவரிடம் இருந்த, வெறுங்காலுடன் நடந்து செல்லும் துணிவு மட்டும் என்னிடம் இல்லாதிருந்தது.

இனி, எதிர்வாதங்களையும் கருதிப் பார்ப்போம்.

மார்க்கத்துக்காக எழுதுபவருக்குப் பெயர் எதற்கு, நிய்யத்தே போதுமன்றோ என்பர் சிலர். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள், மக்கள் இந்த அறிவைக் கற்றுக் கொள்ள வேண்டும், அதில் ஒன்றும் தம் பெயரால் வழங்கப்பட வேண்டாம் என்று விரும்பியதாக அறிவிக்கப்படுவதைச் சான்றாகவும் காட்டுவர். ஆனால் கவனிக்க வேண்டும்: அது கொடுத்தவரின் விருப்பம். தருமம் செய்தவர் தம் பெயரை மறைக்கலாம்; அது அவரது இக்லாஸ். பெற்றுக் கொண்டவன் அதைத் தன் சம்பாத்தியம் என்று ஊரில் சொல்வதற்கு அது அனுமதியாகாது. ஷாஃபிஈ அவர்களின் விருப்பத்தை மதித்து அவர்கள் மாணவர்கள் அவர்கள் பெயரை நீக்கிவிடவில்லை. நீக்கியிருந்தால் அந்த விருப்பமே நம்மை எட்டியிராது.

தமிழ் மரபில் புலவர்கள் முன்னோர் சொல்லைத் தாராளமாக எடுத்தாளவில்லையா என்பர் வேறு சிலர். எடுத்தாண்டனர்; ஆயினும் மறைத்தாரல்லர். தொல்காப்பியர் தம் இலக்கணத்தில் ‘என்ப’ என்றும் ‘என்மனார் புலவர்’ என்றும் திரும்பத் திரும்பக் கூறி, தமக்கு முன்னிருந்த அறிவுடையோரைச் சுட்டிக் கொண்டே செல்கின்றார். நூலுக்குச் சிறப்புப் பாயிரம் சொல்ல வேண்டியவற்றை எண்ணும் நன்னூல், ஆக்கியோன் பெயரை அடுத்து ‘வழி’யை வைக்கிறது, இந்நூல் எந்த நூலின் வழி வந்தது என்பதே அது. நம் உமறுப் புலவர் தம்மை ஆதரித்த அபுல் காசிம் மரைக்காயரின் பெயரைச் சீறாப்புராணத்தின் உள்ளேயே வைத்துப் பாடினார். பழைய ஓலைச்சுவடிகளை அச்சேற்றிய உ.வே.சாமிநாதையர், சுவடி கொடுத்து உதவியவர்களைத் தம் முன்னுரைகளில் நன்றியுடன் குறித்தார். வழியைச் சொல்வது மேனாட்டுப் பல்கலைக்கழகங்கள் நமக்குக் கற்பித்த புது வழக்கம் என்று எண்ணுவோர் நம் இரு மரபுகளையும் அறியாதவரே.

மூன்றாவது வாதம் சற்று வலியது. கருத்து நல்லதாக இருக்கும்போது மூலம் எதுவானால் என்ன? சீனா வரை சென்றும் படி என்பதால் பிள்ளைகள் படிக்கத்தானே செய்வர்? இதற்கும் நம் வரலாற்றில் விடை உண்டு. அபூஇஸ்மா என்னும் நூஹ் இப்னு அபீ மர்யம் என்பவர், குர்ஆனின் ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் சிறப்புக் கூறும் செய்திகளைச் சொல்லி வந்தார். எங்கிருந்து பெற்றீர் என்று கேட்டபோது, மக்கள் குர்ஆனை விட்டு ஃபிக்ஹிலும் போர் வரலாறுகளிலும் மூழ்குவதைக் கண்டு, நன்மையை நாடி இவற்றைத் தாமே அமைத்ததாக அவர் ஒப்புக்கொண்டார் என்று ஹதீஸ் கலை நூல்கள் கூறுகின்றன. குர்ஆன் ஓதத் தூண்டுவதைவிட நல்ல நோக்கம் உண்டா? ஆயினும் அறிஞர்கள் அவரை மன்னித்து விடவில்லை. ஏனெனில் நல்ல நோக்கத்துக்கு ஒருமுறை கதவைத் திறந்துவிட்டால், அதே கதவின் வழியே எல்லா நோக்கங்களும் நுழையும். நபியவர்கள் மீது வேண்டுமென்றே பொய்யுரைப்பவரின் இருப்பிடம் நரகம் என்னும் எச்சரிக்கையில், நல்ல நோக்கத்துக்கு விலக்கு அளிக்கப்படவில்லை. மேலும், கல்வி தேடுதல் ஒவ்வொரு முஸ்லிமின் மீதும் கடமை என்னும் கருத்தில் இப்னு மாஜாவில் வரும் செய்தியை, அதன் பல வழிகளைக் கொண்டு ஏற்றத்தக்கதென அறிஞர் பலர் கருதியுள்ளனர். பிள்ளைகளைப் படிக்கத் தூண்ட அதுவே போதுமானது. உறுதியான தூண் அருகில் இருக்க, உளுத்த தூணில் பந்தலைக் கட்டுவானேன்?

இக்காலத்தில் கல்லூரிகளில் இதற்குச் சட்டமும் வந்துவிட்டது. பல்கலைக்கழக மானியக் குழு 2018ஆம் ஆண்டு வெளியிட்ட ஒழுங்குமுறையில், ஆய்வேடு பிறர் எழுத்துடன் ஒத்திருப்பது 10 விழுக்காடு வரை தண்டனைக்குரியதன்று. 10க்கு மேல் 40 வரை இருந்தால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40க்கு மேல் 60 வரை இருந்தால் ஓராண்டு காலம் திருத்திய ஏட்டை அளிக்க முடியாது. 60க்கு மேற்பட்டால் பதிவே நீக்கப்படும் என்று வகுத்துள்ளனர். ஒத்த சொற்களைக் கணினி எண்ணித் தருகிறது. இது தேவையான வேலிதான். ஆனால் என் மருமகளின் அடிக்குறிப்பை அக்கணினியில் இட்டிருந்தால் அது ஒரு குறையும் கண்டிராது. தமிழில் எழுதப்பட்ட சொந்த வாக்கியம்; கீழே முறையாக ஒரு நூற்பெயர். காணாத நூலைக் கண்டதாகச் சொல்லும் பொய்யை எந்த விழுக்காட்டால் அளப்பது? அங்கே காவல் நிற்கக் கூடியது அல்லாஹ்வின் அச்சம் ஒன்றே.

நூலகத்திலிருந்து திரும்பிய அன்று மாலை அவளை அழைத்து உட்கார வைத்தேன். “அம்மா, நான் அந்த நூலைப் பார்க்காமலே எழுதிவிட்டேன்” என்றேன். அவள் சற்று நேரம் பேசவில்லை. தன் தாய்மாமன், மவ்லவி, ஊரில் நாலு பேர் சந்தேகம் கேட்க வரும் மனிதர் இப்படிச் சொல்லக் கேட்பது அவளுக்கு எளிதாக இருந்திராது. பிறகு, “மாமா, நானும் பார்க்கவில்லை, உங்கள் பெயரைப் போடாமல் பைஹகீயின் பெயரைத்தான் போட்டேன். அரபு நூல் என்றால் நன்றாக இருக்குமே என்று நினைத்தேன்” என்றாள். இருபது ஆண்டுகளுக்கு முன் நான் நினைத்ததும் அதுவே. பணமும் நிலமும் மட்டுமா மரபுரிமையாகச் செல்கின்றன? பிழையும் செல்கிறது.

அவள் அப்பகுதியைத் திருத்தி எழுதினாள். இச்செய்தியை இன்னார் இன்ன மலரில் எடுத்தாண்டுள்ளார். அவர் அதை ஓர் உருது நூலிலிருந்து பெற்றதாக ஆய்வாளரிடம் தெரிவித்தார். மூல நூலாசிரியரான பைஹகீயே இதன் தொடரைப் பலவீனமானது என்று கூறியிருக்கிறார் என்று மூன்று வாக்கியங்கள். அவற்றுள் ஒன்று என் குறையை என்றென்றும் பதிந்து வைக்கும். அதை நீக்கும்படி நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும்.

மலரை வெளியிட்ட குழுவினரில் எஞ்சியிருந்த ஒருவரைச் சந்தித்துச் செய்தியைச் சொன்னேன். அவர் சிரித்து, “யாரும் கேட்கவில்லையே ஹஜ்ரத், இருபது வருஷமாயிற்று, இப்போது எதற்கு?” என்றார். அன்பினால் சொன்ன சொல்தான். ஆனால் அறிவை மறைத்தோரைக் கண்டிக்கும் அருள்மறை வசனத்தை அடுத்து, 2ஆம் அத்தியாயம் 160ஆம் வசனத்தில் ஒரு விலக்கு வருகிறது. தவ்பா செய்து, சீர்திருத்தி, தெளிவுபடுத்தியோருக்கே அந்த விலக்கு. வேத உண்மைகளை மறைத்தவர்களைப் பற்றிய வசனம் அது எனினும், பலர் முன் எழுதியதைப் பலர் முன்தான் திருத்த வேண்டும் என்ற பாடத்தை நான் அதிலிருந்து பெற்றேன். தனியறையில் கேட்கும் மன்னிப்பு, அச்சில் ஏறிய பிழையைத் தொடுவதில்லை. இக்கட்டுரையை எழுதியதன் காரணம் அதுவே.

நம் வீடுகளில் இப்பயிற்சியைக் குழந்தைப் பருவத்திலேயே தொடங்கலாம். பிள்ளை ஒரு செய்தியைச் சொன்னால், “எங்கே படித்தாய், யார் சொன்னார்கள்?” என்று கடுமையின்றிக் கேளுங்கள். நூலில் பார்த்ததைப் பார்த்தேன் என்றும், பிறர் சொல்லக் கேட்டதைக் கேட்டேன் என்றும் பிரித்துச் சொல்லப் பழக்குங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் பாராட்டுங்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் 48 கேள்விகள் கேட்கப்பட, அவற்றுள் 32க்கு, நான் அறியேன் என்றே விடையளித்தார்கள் என்று அறிவிக்கப்படுகிறது. அறியேன் என்று சொல்லக் கூசாத நாவுக்கே, அறிந்தேன் என்று சொல்லும்போது மதிப்பு உண்டாகிறது.

என் வீட்டுச் சுவரில் உள்ள ஸனதை இப்போது எடுத்துப் பார்க்கிறேன். என் உஸ்தாதின் கையொப்பம் மங்கியிருக்கிறது, படிக்க முடிகிறது. அவர்கள் தமக்கு ஓதித் தந்தவரின் பெயரைச் சொல்லாமல் எனக்கு ஒன்றும் சொல்லித் தந்ததில்லை. அந்த அமானிதத்தை நான் ஓரிடத்தில் தவறவிட்டேன். அல்லாஹ் என்னை மன்னிப்பானாக. இதைப் படிக்கும் நீங்களும் எனக்காக துஆச் செய்யுங்கள்.